ஆளில்லாமல் திறந்திருக்கக் காணப்பட்டது

மார்ச் 3

அக்கா,

அன்று உன் வார்டில் நான் சொல்லாமல் விட்டவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். நீ இளைத்துப்போயிருக்கிறாய் என்று சொல்லவில்லை. எனக்காக நீ எடுத்து வைத்திருந்த பாதிச் சாப்பாட்டை நான் தொடாமல் இருந்தது பசியில்லாமல் அல்ல என்று சொல்லவில்லை. இரண்டு நாள் தங்குவதாக வந்தவள், உன் வீட்டில் மாமா கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டு வைத்திருந்தும், அன்று மாலையே ஏன் பஸ் ஏறினேன் என்று சொல்லவில்லை. முதல் இரண்டையும் இப்போது சொல்லியாயிற்று. மூன்றாவதை இன்னும் சொல்ல முடியாது.

போன் செய்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் மணி ஒருதரம் முழுதாக ஒலிப்பதற்குள் நின்றுவிடுகிறது. என் எண்ணைத் தடுத்து வைத்திருக்கிறாய் என்று புரிகிறது. கடிதம் எழுதுவது எனக்கும் வசதிதான். போனில் நீ கேட்பாய், நான் உளறிவிடுவேன். காகிதம் என்றால் கிழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம்.

அன்று நடந்ததையே திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மருந்து அலமாரிக்கு எதிரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நீ ஓர் ஊசி மருந்தை எடுத்துக்கொண்டு கடைசிக் கட்டிலுக்கு ஓடினாய். அலமாரியின் கம்ப்யூட்டர் திரையில் உன் பெயர் பச்சை எழுத்தில் அப்படியே நின்றது. கொஞ்ச நேரத்தில் வேறொரு நர்ஸ் வந்தாள். உன் பெயரிலேயே ஓர் இழுப்பறையைத் திறந்து மாத்திரை எடுத்துக்கொண்டு போனாள். அப்புறம் இன்னொருத்தி. யாரும் அதைப் பெரிதாக நினைத்ததாகத் தெரியவில்லை. நான் எழுந்து அதன் முன்னால் போய் நின்றேன். நீ திரும்பி வந்து, "என்னடி கோட்டான், அலமாரிய முறைச்சே திறந்துருவ போலிருக்கே?" என்று சிரித்தாய். நானும் சிரித்திருக்க வேண்டும். "நான் கிளம்புறேன்க்கா" என்றேன்.

உன் முகம் மாறியதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் போனேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். காரணம் கேட்காதே. அந்த அலமாரியை விட்டு நகரும்போதெல்லாம் உன் பெயரை மூடிவிட்டு நகரு. வேலை எவ்வளவு இருந்தாலும் சரி.

கோட்டான்


மார்ச் 9

கோட்டானுக்கு,

உன் எண்ணைத் தடுத்தது நான்தான். கடிதத்தைத் தடுக்க வழி தெரியவில்லை. தெரிந்திருந்தால் அதையும் செய்திருப்பேன்.

உன் மாமா விரிப்பை மடித்து வைத்துவிட்டார். "கம்ப்யூட்டருக்கே காவல் காக்குற பொண்ணு. நம்ம வீட்டுத் தாழ்ப்பாளப் பாத்திருக்கும், பயந்து ஓடியிருக்கும்" என்கிறார். அவருக்கு எதுவும் சிரிப்புதான். எனக்கு இல்லை. ஒரு வருஷம் கழித்து வந்தாய். லீவு கேட்டு, இல்லை என்று சொல்லி, மறுபடி கேட்டு, ஒருத்தியின் காலில் விழாத குறையாக மறுநாள் டியூட்டியை மாற்றி வைத்திருந்தேன். நீ வந்தது எதற்கு? அலமாரியைப் பார்க்கவா?

சின்ன வயதிலிருந்தே இப்படித்தான் நீ. பல் வலித்தால்கூட உன் முகம் வீங்கிய பிறகுதான் வீட்டில் தெரியவரும். கேட்டால், "சொல்ற அளவுக்கு இல்ல" என்பாய்.

இப்போது உன் உபதேசத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு முறையும் மூட வேண்டுமாம். தாயே, அந்த அலமாரியை மறுபடி திறக்க என்ன செய்ய வேண்டும் தெரியுமா? கையுறையைக் கழற்ற வேண்டும். விரல் வைக்க வேண்டும். கை கழுவிக் கழுவி ஊறிப்போன விரலை அது படிக்காது. துடைத்துவிட்டு மறுபடி வைக்க வேண்டும். பிறகு ரகசிய எண். பிறகு திரை சுற்றிக்கொண்டே இருக்கும், ஏதோ கோயில் பிரகாரம் சுற்றுகிற மாதிரி. அதற்குள் மூச்சுத் திணறுகிறவர் காத்திருப்பாரா? ஷிப்டில் முதலில் வருகிறவள் திறப்பாள். அது அப்படியே திறந்திருக்கும். எல்லோரும் அவள் பெயரிலேயே எடுப்போம். எடுத்ததை அவரவர் நோயாளியின் அட்டையில் எழுதிவிடுவோம். வலி மருந்து இருக்கிற உள் இழுப்பறை மட்டும் மறுபடி விரல் கேட்கும். அது போதாதா?

இதெல்லாம் விதிப்படி தப்பு. விதி எழுதியவர் கையுறை போட்டதில்லை.

சாப்பிடு. நீயும் ஒன்றும் குண்டாக இல்லை.

அக்கா


மார்ச் 14

அக்கா,

உன் கடிதத்தை ஆபீசுக்கு எடுத்துப்போய், மதிய இடைவேளையில் மாடிப்படியில் உட்கார்ந்து படித்தேன். கையுறை, ஊறிப்போன விரல், சுற்றுகிற திரை. இந்த மூன்றையும் யாராவது எனக்கு முன்பே சொல்லியிருந்தால் என்று நினைத்தேன். யாரும் சொல்லவில்லை என்பதைவிட, நான் யாரையும் கேட்கவில்லை என்பதுதான் சரி.

என் வேலை என்னவென்று நீ ஒருமுறை கேட்டபோது, "ஓட்டை தேடுறது" என்று சொல்லி முடித்துவிட்டேன். இன்றைக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மென்பொருளில் கெட்ட எண்ணம் உள்ளவன் நுழைய வழி இருக்கிறதா என்று பார்ப்போம். இருந்தால் முதலில் அதைச் செய்த கம்பெனிக்கு மட்டும் சொல்வோம். அவர்கள் சரிசெய்யும்வரை வேறு யாரிடமும் வாய் திறக்கக் கூடாது. அம்மாவிடம்கூட, அக்காவிடம்கூட. காரணம் உண்டு. பூட்டு சரியில்லை என்று ஊருக்குச் சொன்னால், வீட்டுக்காரருக்கு முன்னால் திருடனுக்குத் தெரிந்துவிடும். சரியான பிறகு எல்லோருக்கும் அறிவிப்பு போகும். கண்டுபிடித்த ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு, ஒரு பெயர் உண்டு, தீவிரம் இவ்வளவு என்று ஓர் அளவு உண்டு.

இப்போது அந்த அறிவிப்புகளைத் தமிழிலும் போடுகிறோம். சொற்களை முடிவுசெய்யும் குழுவில் என்னையும் போட்டிருக்கிறார்கள், நிறையப் படிக்கிறவள் என்று யாரோ கிளப்பிவிட்டதால். சென்ற வாரம் முழுக்க ஒரே ஒரு சொல்லுக்குச் சண்டை.

"ஓட்டைன்னு போட்டா ஜனங்க பயந்துருவாங்க" என்றார் மேலாளர்.

"பயப்படணும்னுதானே சார் போடுறோம்?" என்றார் என் பக்கத்து மேசைக்காரர். தடித்த கண்ணாடி போடுவார், எல்லோருக்கும் அவர் கண்ணாடிதான்.

"பலவீனம்?"

"டானிக் விளம்பரம் மாதிரி இருக்கு."

"வழு?"

"எல்லாப் பிழையும் வழுதான் சார். ஆனா எல்லா வழுவுலயும் திருடன் நுழைய முடியாதே. பொத்தான் கோணலா இருக்கறதும் வழு, கதவு திறந்துகிடக்கறதும் வழுவா?"

கடைசியில் 'பாதுகாப்புக் குறைபாடு' என்று முடிந்தது. நீளம்தான், ஆனால் யாரும் தவறாகப் படிக்க முடியாது. அந்தக் குறைபாட்டைப் பயன்படுத்தி உள்ளே நுழைவதற்கு யாரோ 'சுரண்டல்' என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். அதை இன்னும் ஒத்திப்போட்டிருக்கிறோம்.

தீவிரத்தை அளக்கச் சில கேள்விகள் உண்டு. ஒரு கேள்வி இப்படி வரும்: இது நடப்பதற்கு வேறொருவர் ஏதாவது செய்துவைத்திருக்க வேண்டுமா, அப்படி அமைவது அரிதா, வழக்கமா? நாங்கள் மேசையில் உட்கார்ந்து, கருவியின் கையேட்டைப் பார்த்துப் பதில் குறிப்போம். சென்ற மாதம் ஒன்றுக்கு நான் 'அரிது' என்று குறித்தேன். கையேடு அப்படித்தான் சொன்னது. அந்த ஒரு சொல்லால் அது 'நடுத்தரம்' ஆகி, வரிசையின் பின்னால் போய் நின்றுகொண்டது. அதை மாற்றத்தான் அன்று ஓடினேன்.

இந்தப் பத்தியை இரண்டு முறை கிழித்தேன். மூன்றாவது முறை கிழிக்கவில்லை. இதற்கு மேல் கேட்காதே.

கோட்டான்


மார்ச் 19

கோட்டான்,

'சுரண்டல்' நல்ல சொல். எங்கள் ஓவர்டைம் கணக்குக்கு அதைத் தானம் செய்துவிடுங்கள், புண்ணியமாகப் போகும்.

சொல்லுக்காகச் சண்டை போடுவது உங்கள் ஆபீசில் மட்டும் என்று நினைக்காதே. நோயாளி கட்டிலிலிருந்து விழுந்துவிட்டார் என்று வை. நாங்கள் 'விழுந்தார்' என்று எழுத மாட்டோம். 'தரையில் காணப்பட்டார்' என்றுதான் எழுதுவோம். புதிதாகச் சேர்ந்தபோது எனக்கு அது ஏமாற்று வேலையாகத் தெரிந்தது. எங்கள் இன்சார்ஜ் கேட்டார்: "நீ விழுந்ததப் பாத்தியா? தள்ளிவிட்டாங்களா, தானா இறங்கிப் படுத்தாரா, உனக்குத் தெரியுமா? பாத்தத மட்டும் எழுது. மத்தத விசாரிக்கிறவங்க பாத்துக்கட்டும்." இப்போது வீட்டிலும் அப்படியே பேசுகிறேன். மாமாவிடம், "பால் அடுப்பில் பொங்கியிருக்கக் காணப்பட்டது" என்றால் அவருக்குக் கோபம் வருகிறது.

நீ கேட்காதே என்றதால் கேட்கவில்லை. ஆனால் நீ பெஞ்சிலிருந்து எழுந்துபோய் நின்ற இடம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நேற்று அலமாரியை மூடிவிட்டு நகர்ந்து பார்த்தேன். மூன்று பேர் திட்டினார்கள். நாலாவதாக நானே என்னைத் திட்டிக்கொண்டு திறந்து வைத்துவிட்டேன்.

அக்கா


மார்ச் 28

கோட்டான்,

வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். விசாரணை முடியும்வரை.

உள் இழுப்பறையில் வலி மருந்து குறைந்துகொண்டே வந்திருக்கிறது. யாருக்கும் எழுதப்படாத மருந்து. அலமாரியின் பதிவை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். குறைந்த ஒவ்வொரு முறையும் என் பெயர். பெயர் மட்டும் என்றால் பரவாயில்லை, ஷிப்டில் முதலில் வந்து திறப்பவள் நான், எல்லோரும் என் பெயரில்தான் எடுப்பார்கள் என்று சொல்லிவிடலாம். என் விரல். உள் இழுப்பறை மறுபடி விரல் கேட்கும் என்று எழுதினேனே, அந்த விரல் என்னுடையது என்று பதிவு சொல்கிறது.

நான் வைக்கவில்லை.

அறையில் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "உங்க விரல வேற யாராவது வெச்சிருக்க முடியுமாம்மா?" என் கையைப் பார்த்தேன். பத்து விரலும் இருந்தன. அலமாரி செய்த கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறதாம். கருவியில் எந்தக் கோளாறும் இல்லை, பதிவு நம்பத்தக்கது என்று. களவு உறுதியானால் என் லைசன்ஸ் போய்விடும். இத்தனை வருஷம் கற்றது வேறு எதற்கும் உதவாது.

பஸ்ஸில் வரும்போது உன் கடிதத்தை நினைத்துக்கொண்டே வந்தேன். 'அரிது' என்று குறித்தாயே, அது எதற்கு என்று இப்போது எனக்குத் தெரிகிற மாதிரி இருக்கிறது. நீ சொல்ல வேண்டாம். நான் எழுதுகிறேன். அந்த அலமாரியில், நான் வைக்காத விரலை நான் வைத்ததாகக் காட்ட வழி இருக்கிறது. உனக்கு அது அன்றைக்கே தெரியும். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே தெரிந்து வைத்திருந்தாய்.

நான் நினைப்பது தவறு என்றால் மட்டும் அதைப் பற்றிப் பதில் எழுது. சரி என்றால் எழுதாதே.

அக்கா


ஏப்ரல் 1

அக்கா,

வேறு விஷயங்களைப் பற்றி எழுதுகிறேன்.

தூக்கம் சரியில்லை. ஆபீசில் தேநீர் போடும் மூலைக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். கண்ணாடி கேட்டார், "தரைய அளக்குறீங்களா?" என்று. ஜன்னல் திறக்காத கட்டடம் இது. எதிர்க் கட்டடத்திலும் ஒருத்தி நடந்துகொண்டே இருந்தாள். வெகுநேரம் கழித்துத்தான் அது ஜன்னல் கண்ணாடியில் தெரிகிற நான் என்று புரிந்தது.

ஒரு கம்பெனிக்காரரோடு பேச்சு நடக்கிறது. எந்தக் கம்பெனி, என்ன கருவி என்று கேட்காதே. அவர் குரல் பஞ்சு மாதிரி இருக்கும்.

"மேடம், இத நாங்க குறைபாடுன்னு ஒத்துக்க முடியாது. திறந்து வெச்சுட்டுப் போகக் கூடாதுன்னு கையேட்டுல தெளிவாப் போட்டிருக்கோம். போட்ட பிறகும் போனா, அது பயன்பாட்டுத் தவறு."

"திறந்து வைக்காம அத வெச்சு வேலை பாக்க முடியாதுங்க."

"அப்படி யார் சொன்னது?"

யார் சொன்னது என்று எப்படிச் சொல்வேன்?

இரண்டு சொற்களுக்கும் உள்ள தூரத்தைப் பார். 'குறைபாடு' என்றால் கருவியின் பொறுப்பு. எண் கிடைக்கும், திருத்தம் வரும், அதன் பதிவை யாரும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது என்றாகும். 'பயன்பாட்டுத் தவறு' என்றால் எண் இல்லை, திருத்தம் இல்லை. பணியாளர்களுக்கு நினைவூட்டுங்கள் என்று ஒரு சுற்றறிக்கை போகும். பதிவு சொல்வதே வேதம். எங்கள் விதிப்படி ஒன்றைக் குறைபாடு என்று சொல்ல, கருவியின் சாதாரணப் பயன்பாட்டிலேயே அது நடக்கும் என்று காட்ட வேண்டும். எனக்குத் தெரியும் என்றால் போதாது. அதைப் பயன்படுத்துகிறவர்கள் எழுத்தில் சொல்ல வேண்டும்.

நீ ஒரு வார்த்தை சொன்னால், எல்லாவற்றையும் விட்டுவிட்டு உன் விசாரணை அறைக்கு வந்து, தெரிந்ததைச் சொல்கிறேன். விதியாவது ஒன்றாவது. வேலை போனால் போகட்டும். வரவா?

கோட்டான்


ஏப்ரல் 6

கோட்டான்,

வராதே.

படித்ததும் முதலில், வாடி என்றுதான் எழுதினேன். மாமா அஞ்சல் பெட்டிவரை எடுத்துக்கொண்டு போனார். பின்னாலேயே ஓடிப்போய் வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டில் உட்கார்ந்திருப்பவளுக்கு யோசிப்பதைத் தவிர வேலை இல்லை. துவைத்த யூனிபார்மையே மறுபடி துவைக்கிறேன். டியூட்டி நேரத்துக்கு எழுந்து, தலை வாரி, செருப்பு மாட்டி, வாசலில் நின்றுவிட்டு உள்ளே வருகிறேன்.

யோசித்தது இது. அந்த நாலு பேர் முன்னால் நீ சொன்னால் மறுநாள் கேன்டீனில் அதுதான் பேச்சு. அதற்கு மறுநாள் ஊர் முழுக்க. அந்த அலமாரி எங்கள் வார்டில் மட்டுமா இருக்கிறது? அதில் வலி மருந்து மட்டுமா இருக்கிறது? இதய மருந்து இருக்கிறது, குழந்தைகளுக்கான அளவில் மருந்து இருக்கிறது. எவனாவது ஒருவன் ஒரு இழுப்பறையில் கை வைத்தால் போதும். என் பெயர் கெட்டதற்காக எங்கேயோ ஒரு கட்டிலில் யாரோ சாகக் கூடாது. இதை நான் பெருந்தன்மையாக எழுதுகிறேன் என்று நினைக்காதே. உன்மேல் உள்ள கோபம் அப்படியே இருக்கிறது.

எழுத்தில் வேண்டும் என்றாயே. எதற்கு என்று சொல்லாமல் எங்கள் வார்டு நர்ஸ்களிடம் கேட்டேன்: அலமாரி திறந்தே இருக்கும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள் என்று. டீக்கடையில் வைத்து ஒருத்தி கத்தினாள்.

"எதுக்குக்கா? நம்ம தலையில நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கவா?"

"ஏற்கெனவே என் தலையில கொட்டியாச்சு. உன் பங்குக்கு ஒரு கைப்பிடி போடு."

"விதிய மீறினோம்னு நாமளே எழுதிக் குடுக்குறதா?"

"மீறினோம்னு எழுத வேண்டாம். பாத்தத மட்டும் எழுது."

பாதிப் பேர் போடவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். போட்டவர்கள் போட்ட தாள் இதோடு இருக்கிறது. முதல் கையெழுத்து என்னுடையது. களவிலிருந்து தப்பித்தாலும் இதற்கு ஒரு தண்டனை நிச்சயம் உண்டு, அது தெரிந்துதான் போட்டேன். வாசகம் இப்படி: 'எல்லா ஷிப்டுகளிலும், நோயாளிகளைக் கவனிக்கும் நேரங்களில், மருந்து அலமாரி ஆளில்லாமல் திறந்திருக்கக் காணப்பட்டது.'

அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

தாள் கிடைத்தது. மேலாளரின் மேசையில் வைத்தேன். இரண்டு முறை படித்தார்.

"இத எழுதினது யாரு? நம்ம குழுவுல சேத்துக்கலாம் போலிருக்கே" என்றார். பிறகு தாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: "இந்த வார்டுல உனக்கு யாரையாவது தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். நான் எதையும் சொல்லாமலேயே பழகியவள், அது எனக்குச் சுலபம். "முதல் கையெழுத்து எங்க அக்கா" என்றேன்.

அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "இத முதல் நாளே சொல்லியிருக்கணும்."

"முதல் நாள் அக்கா இதுல இல்ல சார்."

"இப்ப இருக்காங்கல்ல?"

அன்று மாலையே அந்த வேலையை என்னிடமிருந்து எடுத்துக் கண்ணாடியிடம் கொடுத்துவிட்டார்கள். கோப்பைத் திறக்க எனக்கு அனுமதி இல்லை. கண்ணாடி கம்பெனிக்காரரோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார். வெளியே வரும்போது என்னைப் பார்க்காமல் தேநீர் மூலைக்குப் போகிறார். நல்ல மனிதர், அதனால்தான் பார்ப்பதில்லை. இப்போது நானும் உன்னைப் போல வாசலில் நிற்கிறவள். எனக்கு ஒரு கண்ணாடிச் சுவர் கூடுதல்.

உன் வாக்கியம் உள்ளே இருக்கிறது. அதை யாரும் திருத்தாமல் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை. புத்தகம் எடுத்தால் ஒரே பக்கத்தில் கண் நிற்கிறது.

விசாரணை எப்போது என்று எழுது.

கோட்டான்


ஏப்ரல் 22

கோட்டான்,

தள்ளி வைத்தார்கள். மறுபடி தள்ளி வைத்தார்கள். காரணம் சொல்லவில்லை. மாமா, "நல்லதுக்குத்தான்" என்கிறார். அவர் பஸ் தாமதமானாலும் அதைத்தான் சொல்வார்.

என்னைப் பார்க்க வந்த ஒருத்தி, "எப்படிக்கா இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டு என் கைகளைப் பார்த்தாள். நடுங்குகிறதா என்று பார்த்தாள். வலி மருந்து போட்டுக்கொள்கிறவளுக்கு நடுங்குமே. நானே எத்தனை பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன். டீ டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏதாவது தெரிந்தால் எழுது. தெரியாவிட்டாலும் எழுது.

அக்கா


மே 9

அக்கா,

இன்று காலை அறிவிப்பு வெளியானது. இனி நான் சொல்லலாம்.

நீ அன்று யூகித்தது சரி. அலமாரி ஒருவர் பெயரில் திறந்திருக்கும்போது, அதே கட்டடத்தில் வேறொரு கம்ப்யூட்டரில் இருப்பவன் அதோடு பேச முடியும். நீ காலையில் வைத்த விரலையே மறுபடி வைத்ததாக அதை நம்பவைக்க முடியும். உள் இழுப்பறை திறந்துகொள்ளும், அவன் நடந்துவந்து எடுத்துக்கொள்ளலாம். பதிவில் உன் விரல் விழும். நீ கடைசிக் கட்டிலில் யாருக்காவது ஊசி போட்டுக்கொண்டிருப்பாய். இதை நான் எங்கள் அறையில், ஆளில்லாத ஓர் அலமாரியை வைத்துக் கண்டுபிடித்தேன். திறந்து போட்டுவிட்டு யார் போவார்கள் என்று நினைத்து 'அரிது' என்று குறித்தேன். உன் வார்டுக்கு வந்த அன்று, உன் பெயர் பச்சையாக நின்றுகொண்டிருந்தது.

அன்று உன்னிடம் சொல்லியிருந்தால் நீ வேலையை விட்டு வெளியே நின்றிருக்க மாட்டாய். சொல்லாததால் வேறு எங்கேயோ யாரோ பிழைத்தார்களா என்று எனக்கு ஒருபோதும் தெரியப்போவதில்லை. இந்த இரண்டையும் சேர்த்து வைத்துக்கொண்டு எப்படி இருப்பது என்று தெரியவில்லை.

கம்பெனி திருத்தம் அனுப்பிவிட்டது. விரல் விஷயத்தை அடைத்துவிட்டார்கள். அதோடு, முன்னால் ஆள் இல்லையென்றால் அலமாரி தானாகவே மூடிக்கொள்ளும்படியும் செய்திருக்கிறார்கள். அறிவிப்பின் நகல் இதில் இருக்கிறது. 'பாதுகாப்புக் குறைபாடு' என்று போட்டிருக்கிறது. தீவிரம்: அதிகம். இரண்டாவது பத்தியைப் பார். உன் வாக்கியம் அப்படியே இருக்கிறது, ஓர் எழுத்துகூட மாறவில்லை. கண்ணாடி அதற்காக ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டாராம், அவரே இன்று சொன்னார்.

இந்தத் தாளை விசாரணைக்கு எடுத்துப்போ.

கோட்டான்


மே 30

கோட்டான்,

எடுத்துப்போனேன். மரியாதையாகப் பேசியவர் அதைப் படித்துவிட்டு, பக்கத்தில் இருந்தவருக்குக் கொடுத்தார். அவர் அடுத்தவருக்கு. பிரசாதம் மாதிரி சுற்றி வந்தது. களவுக் குற்றச்சாட்டை எடுத்துவிட்டார்கள். அலமாரியைத் திறந்து வைத்த குற்றத்துக்கு எழுத்தில் எச்சரிக்கை, அத்தோடு வேறு வார்டுக்கு மாற்றம். கையெழுத்துப் போட்ட மற்றவர்களுக்கும் எச்சரிக்கை. போடாதவர்களுக்கு எதுவும் இல்லை. மருந்தை எடுத்தது யார் என்று கண்டுபிடிக்கவில்லை. இன்னும் எங்களோடு வேலை பார்க்கிறான் அல்லது பார்க்கிறாள். லிப்டில் யாராவது சிரித்தால் நான் அவர்கள் விரலைப் பார்க்கிறேன்.

உன் மேல் கோபம் போய்விட்டதா என்று நீ கேட்கவில்லை. கேட்டாலும் பதில் தெரியாது. அன்றைக்கு நீ செய்ததைத்தான் நானும் செய்யச் சொன்னேன், வராதே என்று. அது தெரிந்தும் சில நேரம், என் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனாளே என்று வருகிறது. வரும், போகும். உன் எண்ணைத் திறந்துவிட்டேன். ஆனாலும் எழுது. போனில் நீ "ம்" மட்டும்தான் சொல்வாய்.

இன்னொன்று. புது வார்டிலும் அதே அலமாரிதான், உங்கள் திருத்தத்தோடு. முன்னால் ஆள் இல்லையென்றால் மூடிக்கொள்கிறது. திறக்க மறுபடி கையுறை, மறுபடி விரல், மறுபடி பிரகாரம். இரண்டு நாள் எல்லோரும் திண்டாடினார்கள். மூன்றாம் நாள் பார்த்தேன். ஆள் நிற்கிறார்களா என்று பார்க்கும் சின்னக் கண் ஒன்று இருக்கிறதே, அதன்மேல் யாரோ காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரை ஒட்டியிருக்கிறார்கள். அலமாரி, யாரோ எப்போதும் முன்னால் நிற்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு திறந்தே இருக்கிறது. நான் ஒட்டவில்லை. பிய்க்கவும் இல்லை, அந்த நேரத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்திருந்தது. பக்கத்து வார்டிலும் போய்ப் பார்த்தேன். அங்கே பூப்போட்ட பிளாஸ்டர், குழந்தைகள் வார்டு.

இதற்கு உங்கள் குழுவில் என்ன பெயர்?

மாமா விரிப்பை எடுத்து வெயிலில் போட்டிருக்கிறார்.

அக்கா


ஜூன் 4

அக்கா,

உன் கடிதத்தை மேலாளரிடம் காட்டினேன். யார் எழுதியது என்பதை முதலிலேயே சொன்னேன். "இந்த வேலை உன்கிட்டயே இருக்கட்டும், கண்ணாடியும் கூட உக்காந்து பாக்கட்டும்" என்றார். பெயர் இன்னும் முடிவாகவில்லை. கம்பெனிக்காரர் போன் எடுத்ததும், அதே பஞ்சுக் குரலில், "மேடம், பிளாஸ்டர் ஒட்டக் கூடாதுன்னு கையேட்டுல போட்டுர்றோம்" என்றார்.

சனிக்கிழமை வருகிறேன். இரண்டு நாள் தங்குவேன்.

இன்று காலை புதிய பதிவைத் திறந்தேன். அப்படி அமைவது அரிதா, வழக்கமா என்ற கேள்வி வந்தது. 'வழக்கம்' என்று குறித்து அனுப்பினேன்.

கோட்டான்